இரைப்பைக்குள் ஒரு சுருக்குப்பை

உடல் எடையைக் குறைக்க ஆபரேஷன் என்றதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "கத்தி வைப்பார்களா?" என்பதுதான். வைப்பார்கள். இன்று அதிகம் செய்யப்படும் 'ஸ்லீவ்' ஆபரேஷனில் வயிற்றில் சிறு துளைகள் போட்டு, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். வாழைக்காய் போன்ற ஒரு குழாய்தான் மிஞ்சும். நல்ல பலன் தரும் சிகிச்சை அது. ஆனால் வெட்டி எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அந்தப் பயத்திலேயே வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர்.

வெட்டாமலே இரைப்பையைச் சுருக்க முடியாதா? முடியும். சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். நாடாவை இழுத்தால் துணி மடிப்பு மடிப்பாகக் கூடி, பையின் வாய் சிறுத்துவிடும். துணியில் ஒரு நூலைக்கூட நாம் வெட்டவில்லை. 'எண்டோஸ்கோப்பிக் ஸ்லீவ்' என்னும் சிகிச்சை இந்த வேலையைத்தான் இரைப்பைக்குள் செய்கிறது. உள்ளே போகும் வழி வாய்.

வாய் வழியாக இரைப்பைக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை பழையது. 1868-ல் அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை வைத்து நேரான உலோகக் குழாயை உள்ளே இறக்கிப் பார்த்தார். வளைந்து நெளியும் எண்டோஸ்கோப் 1957-ல்தான் வந்தது. பார்ப்பதற்கே அத்தனை காலம் என்றால், உள்ளேயே ஊசி நூல் கோத்துத் தைப்பது எவ்வளவு பெரிய வேலை! முதலில் வந்த தையல் கருவிகள் உள்சவ்வை மட்டும் பிடித்துத் தைத்தன. சவ்வு மெல்லியது, அடியிலுள்ள தசைமேல் வழுக்கி நகரக்கூடியது. போட்ட தையல்கள் சில மாதங்களில் பிரிந்தன. தசையையும் சேர்த்து, சுவரின் முழுக் கனத்துக்கும் ஊசி ஏறினால்தான் தையல் நிற்கும் என்பது அந்தத் தோல்வியில் கிடைத்த பாடம். அப்படித் தைக்கும் கருவி கைக்கு வந்த பிறகு, 2012-ல் மனிதர்களிடம் இந்தச் சிகிச்சை தொடங்கியது.

அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு செலுத்தி இரைப்பையை விரிக்கிறார்கள். காற்றைவிட அதை உடல் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும். எண்டோஸ்கோப்பின் நுனியில் மீன் தூண்டில் முள் போல வளைந்த ஊசி. கூடவே ஒரு சின்னத் திருகுக் கம்பி. கார்க்கில் திருகு இறங்குவதுபோல அது இரைப்பைச் சுவரில் இறங்கி, சுவரை ஊசிக்கு நேராக இழுத்துக் கொடுக்கிறது. ஊசி ஒருமுறை குத்தி மறுபக்கம் வருகிறது. முன்சுவரில் ஒரு குத்து, வெளிவளைவில் ஒன்று, பின்சுவரில் ஒன்று, திரும்பி வரும் வழியில் மறுபடியும் அப்படியே. பிறகு நூலை இழுத்து முனையைப் பூட்டினால், எதிரெதிரே இருந்த சுவர்கள் கொசுவம் போலக் கூடி நெருங்குகின்றன. இப்படி ஆறேழு நூல்கள், கீழிருந்து மேலாக. மேல்முனையை மட்டும் தொடுவதில்லை. அங்கே சுவர் மெல்லியது, பக்கத்திலேயே மண்ணீரல் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம்.

பலன் எப்படி? பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 30 முதல் 40 வரை உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் 9 மையங்களில் நடந்த ஆய்வு 2022-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. அந்த பி.எம்.ஐ. என்பது 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 77 கிலோவிலிருந்து 102 கிலோ வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வருடத்தில் தையல் போட்டவர்கள் சராசரியாக உடல் எடையில் 13.6 சதவீதம் இழந்தார்கள். உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி ஆலோசனையோடு மட்டும் இருந்தவர்கள் 0.8 சதவீதம். தீவிரமான பக்கவிளைவு 100-க்கு 2 பேருக்கு. உயிரிழப்பு இல்லை.

ஸ்லீவ் ஆபரேஷனில் எடை இதைவிட அதிகம் குறையும் என்பதை மறைக்கக் கூடாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவில் அந்தப் பகுதி வெட்டுப்பட்டுப் போகிறது. தையலில் அப்படியே இருக்கிறது. ஆனால் தையலில் எதுவும் உடலைவிட்டுப் போவதில்லை. பின்னால் தேவைப்பட்டால் ஆபரேஷனுக்கும் வழி திறந்தே இருக்கும்.

இன்னொரு வழி பலூன். சுருங்கிய சிலிக்கோன் பலூனை எண்டோஸ்கோப் உதவியோடு இரைப்பைக்குள் விட்டு, அரை லிட்டருக்கும் மேலாக உப்பு நீரை நிரப்புகிறார்கள். பொதுவாக ஆறு மாதம் இருக்கும், பிறகு எடுத்துவிட வேண்டும். நிரப்பும் நீரில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கலப்பது வழக்கம். பலூன் கசிந்தால் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ மாறிக் காட்டிக்கொடுக்கும். 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய காற்றுப் பலூன் புண்ணையும் குடல் அடைப்பையும் உண்டாக்கியதால் சில வருடங்களிலேயே விற்பனை நின்றது. இன்றைய பலூன்கள் எவ்வளவோ மேல். ஆனாலும் வெளியே எடுத்த பிறகு எடை ஏறிவிடுவதைப் பலரிடம் பார்க்கிறோம். இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு தையலுக்குத்தான்.

"இது ஆபரேஷனே இல்லை" என்று விளம்பரம் செய்வது சரியல்ல. தோலில் கீறல் இல்லையே தவிர, மயக்க மருந்து உண்டு, ரத்தக்கசிவும் சீழ்கட்டும் ஆபத்தும் உண்டு. முதல் சில நாள் வலியும் குமட்டலும் இருக்கும். சில வாரங்கள் கஞ்சி, மோர், சூப் என்று திரவ உணவுதான். சிறுத்த இரைப்பைக்குள் பழைய அளவில் சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தால் தையல் தளரும்.

இந்தச் சிகிச்சையை யோசிப்பவர்கள் மருத்துவரிடம் தயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? தையல் பிரிந்தால் என்ன செய்வீர்கள்? அடுத்த ஒரு வருடம் என் சாப்பாட்டைக் கவனிக்கப்போகும் உணவு ஆலோசகர் யார்? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்த பிறகு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.