புதிய நாய்க்குட்டி: வீட்டுக்கு வந்த முதல் பத்து நாட்கள்

களத்தில் குவித்த நெல்லையும், பட்டியில் அடைத்த ஆடுகளையும், தோப்பில் உள்ள மோட்டாரையும் இரவு முழுவதும் விழித்திருந்து காப்பது நாய். இருந்தும், கன்று வாங்கும்போது நாம் காட்டும் அக்கறையில் கால் பங்கைக்கூட நாய்க்குட்டி கொண்டு வரும்போது காட்டுவதில்லை. யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு குட்டியைச் சாக்கில் போட்டுக் கொண்டு வந்து, தொழுவத்துத் தூணில் கட்டி, மீந்த சோற்றை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். அவ்வாறு வளரும் குட்டிகளில் பல, முதல் மாதத்திலேயே கழிச்சலில் இறக்கின்றன. பிழைப்பவற்றுள் சில, ஆளைக் கண்டால் ஒளிகின்றன. அல்லது வீட்டுப் பிள்ளைகளையே கடிக்கின்றன. வீட்டுக்கு வந்த முதல் பத்து நாட்களில் சற்றுக் கவனம் செலுத்தினால் இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

எந்த வயதில் கொண்டு வரலாம்?

கண் திறந்தவுடனே குட்டியைத் தூக்கி வருவது நம் ஊர்களில் உள்ள வழக்கம். இது தவறு. குட்டி கண் திறப்பது பிறந்த 10 முதல் 14 நாட்களில். அப்போது அதற்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு உணவு செரிக்காது. உடற்சூட்டையும் தானே காத்துக்கொள்ள இயலாது. மேலும், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான். முன்னதாகப் பிரித்த குட்டி இதைக் கற்காமலே வளர்ந்து, பின்னர் அழுத்திக் கடிக்கும். எனவே எட்டு வாரம் நிறைந்த குட்டியையே கொண்டு வர வேண்டும். பிறந்த நாள் தெரியாவிட்டால் வாயைத் திறந்து பாருங்கள். பால் பற்கள் எல்லாம் முளைத்திருந்தால் ஏறத்தாழ எட்டு வாரம் ஆகியிருக்கும்.

இராசபாளையம் இனக் குட்டியாக இருந்தால் காது கேட்கிறதா என்றும் சோதித்துக் கொள்ள வேண்டும். வெள்ளை நிறமுள்ள இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும். குட்டி உங்களைப் பார்க்காதபோது பின்புறம் நின்று கை தட்டுங்கள். காதை அசைத்துத் திரும்பிப் பார்க்கும் குட்டியையே எடுங்கள். காவலுக்கு இனம் ஒன்றே முக்கியமன்று. நோயற்ற, ஆளைக் கண்டு ஓடி வரும் நாட்டுக் குட்டியும் நல்ல காவல் நாயாகும்.

கொண்டு வரும் நாள்

குட்டியைக் காலையில் கொண்டு வருவது நலம். இரவு வருமுன் புதிய இடத்தைப் பார்த்துப் பழக ஒரு பகற்பொழுது கிடைக்கும். பயணத்துக்கு முன் வயிறு நிறையத் தீனி கொடுக்கக் கூடாது, வாந்தி எடுக்கும். கட்டிய சாக்கில் போட்டு வருவதும், முன்னங்காலைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது. காற்றோட்டமுள்ள கூடையிலோ அட்டைப் பெட்டியிலோ வைத்துக் கொண்டு வர வேண்டும். தூக்கும்போது ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மறு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்துத் தாங்க வேண்டும்.

தாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். செலவில்லாத இந்தத் துண்டு, குட்டிக்குப் பெரிய ஆறுதல். குட்டி எதைத் தின்று வந்தது, குடற்புழு மருந்து எப்போது கொடுத்தார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அது சிறுநீர் கழிக்க வேண்டிய இடத்தில் இறக்கி விடுங்கள். பிறகு தண்ணீரையும் படுக்கும் இடத்தையும் காட்டுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் கூடி அதைக் கைமாற்றித் தூக்குவதை அன்று அனுமதிக்க வேண்டாம். இந்த வயதுக் குட்டி நாளின் பெரும்பகுதி தூங்க வேண்டும். தூங்கும் குட்டியை எழுப்பக் கூடாது.

முதல் இரவு

முதல் இரண்டு மூன்று இரவுகள் குட்டி அழும். தாயின் சூட்டிலும் உடன்பிறப்புகளின் நெருக்கத்திலும் தூங்கிய உயிர் திடீரெனத் தனியே கிடக்கிறது, அதனால்தான் அழுகிறது. இதைப் பிடிவாதம் என்று எண்ணி அடிப்பவர்கள் உண்டு. அடித்தால் அழுகை அடங்கலாம்; ஆனால் அச்சம் நிலைத்துவிடும்.

இருட்டுத் தொழுவத்தில் தனியே விடாமல், வீட்டார் படுக்கும் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ கை எட்டும் தூரத்தில் ஒரு பெட்டியை வையுங்கள். அதில் உலர்ந்த சாக்கை விரித்து, தாயின் வாடையுள்ள துண்டைப் போடுங்கள். குளிர் காலமானால், ஒரு புட்டியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, இறுக மூடி, துணியால் நன்றாகச் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் வைக்கலாம். அழும்போது மெதுவாகக் குரல் கொடுத்தால் போதும். நள்ளிரவில் எழுந்து முனகினால் சிறுநீர் வருகிறது என்று பொருள். வெளியே விட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள். குட்டி பழகிய பின், பெட்டியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, அது காவல் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டு போகலாம்.

தீவனம்

முதல் நான்கைந்து நாட்களுக்கு, பழைய வீட்டில் தின்ற உணவையே கொடுக்க வேண்டும். பின்னர் அதில் கால் பங்கு, அரைப் பங்கு என்று புதிய உணவைக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றலாம். திடீரென மாற்றினால் கழிச்சல் உண்டாகும்.

இரண்டு முதல் மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன் பின் இரண்டு வேளையும் உணவு தேவை. வெறும் சோறும் நீர் மோரும் வளரும் குட்டிக்குப் போதா. குழைய வெந்த சோறு அல்லது கேழ்வரகுக் களியுடன் வேக வைத்த முட்டை, முள் நீக்கிய மீன், வேக வைத்த இறைச்சி இவற்றுள் ஒன்றை நாள்தோறும் சேர்க்க வேண்டும். பசும்பாலை மிகுதியாகக் கொடுத்தால் பல குட்டிகளுக்கு வயிறு கழியும். சிறிதளவு தயிர் அதைவிட நல்லது. வெங்காயம், பூண்டு, உலர் திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும். குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும்.

ஆடு வளர்ப்போர் ஒன்றைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். ஆடு அறுத்த இடத்தில் கழியும் பச்சை மூளை, ஈரல், நுரையீரல் ஆகியவற்றை நாய்க்குப் போடக் கூடாது. அவற்றில் உள்ள நீர்க்கட்டிகளை நாய் தின்றால் அதன் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் நாயின் மலத்தின் வழியே மேய்ச்சல் நிலத்தில் பரவி மீண்டும் ஆடுகளைச் சேரும். ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றி வந்து மடிவது இவ்வகை மூளைக் கட்டியால்தான். இன்னொரு வகைப் புழுவின் முட்டைகள் மனிதருக்கும் ஈரலில் கட்டியை உண்டாக்கும்.

வெளிக்குப் போகப் பழக்குதல்

தூங்கி எழுந்தவுடன், தின்றவுடன், விளையாடி முடித்தவுடன் குட்டியை ஒரே இடத்துக்குக் கொண்டு போங்கள். அங்கே போனதும் தட்டிக் கொடுங்கள். திண்ணையில் அசுத்தம் செய்துவிட்டால் அதன் மூக்கை அதில் தேய்ப்பதால் பயனில்லை. எதற்காகத் தண்டனை என்பது அதற்கு விளங்காது. உங்களைக் கண்டால் ஒளியத்தான் கற்கும். வாடை போகக் கழுவிவிட்டு, அடுத்த முறை சற்று முன்னதாக வெளியே விடுங்கள்.

ஆளையும் கால்நடையையும் பழக்குதல்

மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை உள்ள காலமே, உலகில் எதை நம்பலாம் என்று குட்டி கற்கும் காலம். 1961-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை நன்கு காட்டியது. வேலியடைத்த வெளியில் மனிதர் பழக்கமின்றி வளர்ந்த குட்டிகளைப் பதினான்கு வாரத்துக்குப் பின் பழக்க முயன்றபோது அவை மனிதரை அண்ட அஞ்சின. கயிற்றில் நடக்கவும் பெரிதும் திணறின. ஏழாம் வார அளவில் மனிதரோடு பழகிய குட்டிகளோ எளிதில் பழகின. நீங்கள் எட்டாம் வாரத்தில் குட்டியைக் கொண்டு வந்தால், இக்காலத்தில் எஞ்சியிருப்பது ஆறு வாரமே.

ஆகவே முதல் இரண்டு நாட்கள் ஓய்வு கொடுத்தபின், நாளுக்கு ஒன்றிரண்டாகப் புதியவற்றைக் காட்டுங்கள். மாடு, டிராக்டர் ஓசை, மிதிவண்டி, குடை பிடித்த ஆள், வீட்டுக்கு வரும் உறவினர் எல்லாவற்றையும் அது அச்சமின்றிப் பார்க்க வேண்டும். அஞ்சினால் அருகே இழுக்காமல், தொலைவில் நின்று பார்க்க விடுங்கள். ஆடுகளை முதலில் பட்டி வேலிக்கு வெளியிலிருந்தே காட்டுங்கள். குட்டி போட்ட ஆடு முட்டிவிடும். கோழியைத் துரத்துவதைக் கண்டு சிரிக்காதீர்கள். இன்று விளையாட்டாகத் துரத்தும் குட்டி, ஆறு மாதத்தில் கோழியைக் கடிக்கும். கயிற்றில் பிடித்துக் கொண்டு, கோழிகளுக்கு நடுவே அமைதியாக இருந்தால் ஒரு துண்டு உணவு கொடுத்துப் பழக்குங்கள். சிறிய பெயர் ஒன்றை வைத்து, வீட்டார் அனைவரும் அதே பெயரால் உணவு வேளையில் அழைத்து வாருங்கள்.

மிளகாய் கொடுத்தால் கோபம் வரும், இருட்டில் கட்டி வைத்தால் காவல் குணம் வரும் என்பது சிலரது நம்பிக்கை. இரண்டும் உண்மையன்று. மிளகாய் வயிற்றைப் புண்ணாக்கும். இடைவிடாது கட்டி வைத்த குட்டி எதையும் அறியாமல் வளர்ந்து எல்லாவற்றையும் கண்டு அஞ்சும். அச்சத்தால் கடிக்கும் நாய்க்குத் திருடனும் தெரியாது, பேரப்பிள்ளையும் தெரியாது. வீட்டாரையும் கால்நடைகளையும் நன்கு அறிந்த நாய்தான் அயலாரைப் பிரித்தறிந்து குரைக்கும். கழுத்துப்பட்டையும் கழுத்தும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி விரைவாக வளர்வதால் வாரம் ஒரு முறை தளர்த்திப் பாருங்கள்.

பண்ணையில் உள்ள ஆபத்துகள்

குட்டி எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். எலி மருந்து, பூச்சி மருந்து தெளித்த வாளி, காலிப் புட்டி, யூரியா கரைத்த நீர் ஆகியவற்றை அதற்கு எட்டாமல் வையுங்கள். மருந்து தின்று செத்த எலிகளைப் புதைத்து விடுங்கள். கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் பக்கம் தனியே விடக் கூடாது. உண்ணி நீக்க, மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் குட்டிக்குப் பூசக் கூடாது; அது உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் நாட்களில் உண்ணியைக் கையால் எடுத்துவிட்டு, மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும்

தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் குட்டிக்குப் புழு வருவதால், குட்டிக்குக் குடற்புழு இருப்பது இயல்பு. மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறையும், ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் எடைக்கேற்ப மருந்து கொடுக்க வேண்டும். இதே புழுவின் முட்டை மண்ணில் விளையாடும் பிள்ளைகளையும் தாக்கும். மலத்தை நாள்தோறும் அள்ளிப் புதைத்து விடுங்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்தினால் பாதுகாப்பு முழுமையாகாது. வரிசை முடியும் வரை தெருநாய்கள் கூடும் இடத்துக்குக் கொண்டு போகக் கூடாது. பார்வோ நச்சுயிரி மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். உங்கள் வீட்டில் அண்மையில் ஒரு குட்டி இரத்தக் கழிச்சலில் இறந்திருந்தால், தடுப்பூசி முடியாத குட்டியை அவ்விடத்துக்குக் கொண்டு வர வேண்டாம். தொடர் வாந்தி, இரத்தம் கலந்த நாற்றமுள்ள கழிச்சல், ஒரு நாள் முழுதும் தின்னாமை, வெளுத்த ஈறு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் மறுநாள் வரை காத்திராமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் முதல் முறையும், பின் மருத்துவர் சொல்லும் நாளிலும், அதன்பின் ஆண்டுதோறும் போட வேண்டும்.

குட்டி கடித்தாலும் கடிதான்

"சின்னக் குட்டிதானே, பல் பட்டால் என்ன" என்று விட்டுவிடுவதே எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் வெறிநோய் வரும். நோய்க்குறி தோன்றிய பின் மனிதரைக் காப்பாற்ற வழியில்லை என்றே சொல்லலாம். குட்டியின் பல்லோ நகமோ கீறினால், அல்லது புண்ணில் அதன் எச்சில் பட்டால், உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று, சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும். காயத்தில் இரத்தம் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் தேவைப்படும். குட்டி கடித்ததைச் சொன்னால் அடி விழும் என்று பிள்ளைகள் மறைப்பதுண்டு. குட்டி வந்த அன்றே, "கீறினால் உடனே சொல், யாரும் திட்ட மாட்டோம்" என்று அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

எட்டு வாரக் குட்டி, பழகிய உணவு, இரவில் அருகில் ஒரு படுக்கை, நாளுக்கு ஒன்றிரண்டு புதிய அறிமுகம், உரிய காலத்தில் மருந்தும் ஊசியும்: இவையே முதல் நாட்களில் செய்ய வேண்டியவை. இவற்றுக்கு ஆகும் செலவு குறைவு. கிடைப்பதோ, பத்தாண்டுக்கு மேலும் உங்கள் களத்தையும் பட்டியையும் காத்து நிற்கும் ஒரு துணை.