ஊரார் உடைமையான ஒரு கால்பந்துக் குழு

தொழில்முறை விளையாட்டுக் குழு ஒன்றின் உரிமையாளர் யார் என்று வினவினால், செல்வர் ஒருவரின் பெயரோ நிறுவனம் ஒன்றின் பெயரோ விடையாக வருவது உலக வழக்கு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே நகரில் மட்டும் விடை வேறு. அதன் வரலாற்றை இங்குக் காண்போம்.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியின் காவலை ஊடுருவி, எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பதே அதன் நோக்கம். 1919-இல் கர்லி லாம்போ என்ற இளைஞரும் ஜார்ஜ் கால்ஹூன் என்ற பத்திரிகையாளரும் கிரீன் பேயில் குழு ஒன்றை அமைத்தனர். லாம்போ பணிபுரிந்த 'இந்தியன் பேக்கிங் கம்பெனி' சீருடைக்கும் கருவிகளுக்கும் 500 டாலர் அளித்தது. இறைச்சியை டப்பாக்களில் அடைத்து விற்ற கம்பெனி அது. அதனாலேயே குழுவிற்குப் 'பேக்கர்ஸ்' என்னும் பெயர் ஏற்பட்டது. 1921-இல் குழு தேசியச் சங்கத்தில் இடம்பெற்றது.

சிறு நகரக் குழுக்கள் நிலைத்தல் அன்று அரிதாயிருந்தது. டெகேட்டர் குழு 1921-இல் சிகாகோவிற்கும், போர்ட்ஸ்மத் குழு 1934-இல் டெட்ராய்ட்டுக்கும் குடிபெயர்ந்தன. கிரீன் பே குழுவும் பணமுடையால் தவித்தது. எனவே 1923-இல் நகரப் பெரியோர் கூடி, அதனை இலாப நோக்கற்ற கழகமாக்கி, பங்கு ஒன்று 5 டாலர் என மக்களிடம் விற்றனர்.

இப்பங்கு புதுமையானது. ஆண்டு ஈவு இதற்கில்லை. சந்தையில் விற்கவும் இயலாது. கழகம் கலைக்கப்பட்டாலும் பணம் பங்குதாரரைச் சேராது, அறப்பணிக்கே செல்லும். ஆகவே, பெருநகரம் ஒன்று கோடிகளைக் காட்டி அழைத்தாலும், குழுவை விற்பதால் ஆதாயம் அடைவார் எவருமிலர். இதுவே அந்நகரம் கண்ட காவல்.

இடையூறுகள் பல வந்தன. 1931-இல் ஆட்டம் காண வந்த ஒருவர் இருக்கை வரிசையிலிருந்து வீழ்ந்து வழக்குத் தொடுத்தார். கழகம் நீதிமன்றப் பொறுப்பாளர் கைக்குச் சென்றது. 1935-இலும் 1950-இலும் மக்கள் மீண்டும் பங்கு வாங்கி அதனைக் காத்தனர். 1997, 2011, 2021 ஆகிய ஆண்டுகளிலும் பங்குகள் விற்கப்பட்டன. இன்று பங்குதாரர் 5 இலட்சத்திற்கும் மேலாவர்; நகரின் மக்கள் தொகையோ 2020 கணக்கின்படி ஏறத்தாழ 1,07,000 மட்டுமே!

பங்கு மட்டும் குழுவைக் காத்தது எனல் முழு உண்மையாகாது. தொலைக்காட்சி வருவாயைப் பெருநகர், சிறுநகர் என்ற வேறுபாடின்றிச் சமமாகப் பகிரும் முறை 1960-களின் தொடக்கத்தில் ஏற்பட்டது. அதே காலத்தில் வின்ஸ் லம்பார்டி என்னும் பயிற்றுநரின் கீழ்க் குழு ஐந்து முறை வாகை சூடியது. 1967 டிசம்பர் 31 அன்று, உறைநிலைக்கும் 25 பாகை கீழான கடுங்குளிரில், ஏறத்தாழ 50,000 பேர் அமர்ந்து டாலஸ் குழுவுடன் நடந்த இறுதியாட்டத்தைக் கண்டனர். வெற்றி கிரீன் பேக்கே.

இத்தகைய ஊருடைமையைச் சங்க விதிகள் இன்று பிற குழுக்களுக்கு அனுமதிப்பதில்லை. இம்முறையில் எஞ்சி நிற்பது கிரீன் பே ஒன்றே. இலாபம் கருதாது கொடுத்த சிறு தொகைகள், நூறாண்டுகளாக ஒரு நகரின் பெருமையை அதன் மண்ணிலேயே இருத்தியுள்ளன.