சாலை நெரிசலில் வாடும் காய்கறி
புதுச்சேரி – கடலூர் மார்க்கத்து விவசாயிகளுக்குச் சில யோசனைகள்

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 22 கிலோமீட்டர்தான். ஆனால் காலை எட்டு மணிக்கு மேல் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் ஆகிய ஊர்களைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. கல்லூரிப் பேருந்துகள், மருத்துவமனைக்குச் செல்வோர், தொழிற்சாலை லாரிகள், வார இறுதியில் சுற்றுலாக் கார்கள் எல்லாம் இந்த ஒரே சாலையில்தான். இவற்றுக்கு நடுவே பாகூர் வட்டாரத்துச் சிறு விவசாயியின் காய்கறி மூட்டைகளும் வெயிலில் நிற்கின்றன. பேருந்தில் இருப்பவருக்கு நேரம் மட்டுமே நஷ்டம். விவசாயிக்கோ சரக்கும் நஷ்டம்.

விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலைத் திட்டத்தில், புதுச்சேரி – பூண்டியாங்குப்பம் பகுதி 38 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரங்களுக்கு வெளியே அமைந்துள்ளது. தொலைதூர லாரிகள் அந்தப் பக்கம் திரும்புவது நன்மைதான். ஆனால் நம் காய்கறி வண்டி நகருக்குள் இருக்கும் சந்தைக்குத்தானே போயாக வேண்டும்? ஆகவே நம் கையில் உள்ளதை நாம் செய்துகொள்வது நல்லது.

நஷ்டம் எவ்வளவு?

பறித்த பிறகும் காய்கறி சுவாசிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் சுவாசம் இரண்டு, மூன்று மடங்காகிறது. நீர் வற்றி எடை குறைகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 100 கிலோ கத்தரிக்காய், கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வழியில் 5 கிலோ எடை குறைந்து, வாடல் கண்டதால் கிலோவுக்கு 5 ரூபாய் விலையும் குறைந்தால், கைக்கு வருவது 3,000 ரூபாய் அல்ல, 2,375 ரூபாய்தான். 625 ரூபாய் சாலையிலேயே போய்விட்டது. பறிப்புக் கூலி, வண்டி வாடகை ஆகியவை இந்த மீதியிலிருந்துதான் போக வேண்டும்.

பறிப்பும் சிப்பமும்

வெயில் ஏறிய பிறகு பறிக்கவே கூடாது. மாலை வெயில் தாழ்ந்த பின்போ, விடியற்காலையிலோ பறிக்க வேண்டும். பறித்தவுடன் மர நிழலிலோ, காற்றோட்டமுள்ள கொட்டகையிலோ பரப்பி, சூடு தணிந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும்.

கீரைக்கட்டுகளை வேர்ப்பக்கம் நீரில் நனைத்து, ஈரச் சாக்கால் மூடலாம். கத்தரியைக் காம்போடு பறிக்க வேண்டும். வெண்டையில் தண்ணீர் தெளிக்கக் கூடாது. காயில் கறுப்புப் புள்ளி விழும். தக்காளியை நன்கு பழுக்கவிடாமல் செங்காயாக இருக்கும்போதே பறித்தால் நசுங்காது. பழுத்த தக்காளியையும் வாழைப்பழத்தையும் கீரையோடு சேர்த்து அடுக்கக் கூடாது. அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் கீரை விரைவில் மஞ்சளாகும்.

சாக்கில் திணிப்பதைவிடத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளே மேல். வண்டி நெரிசலில் நிற்கும்போதும் உள்ளே காற்று போகும். தார்ப்பாயைச் சரக்கின் மீது ஒட்டப் போடாமல், ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும்.

புறப்படும் நேரம்

தனித்தனியாக ஆட்டோவும் வேனும் பிடிப்பதைவிட, ஒரே ஊரில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு சிறு லாரி பேசி, விடியுமுன் கிளம்பினால் வாடகையும் குறையும், நெரிசலும் இராது. யாருடைய சரக்கு எவ்வளவு என்று ஏற்றும்போதே எடைபோட்டு, ஒரு நோட்டில் எழுதிவைத்தால் பின்னால் மனக்கசப்பு வராது.

எந்தச் சந்தை?

பாகூர், கன்னியக்கோயில், முள்ளோடைப் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டைவிடக் கடலூர்தான் பக்கம். பழக்கம் காரணமாக ஒரே ஊருக்குப் போக வேண்டியதில்லை. முதல்நாள் மாலையே இரு ஊர் விலையையும் தொலைபேசியில் விசாரியுங்கள். கிலோவுக்கு ஓரிரண்டு ரூபாய் கூடுதல் என்று தூரப்போய், வழியில் சரக்கை வாடவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கரும்பு வண்டிகள்

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டும். டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிர்பட்டைகளும் எரியும் விளக்கும் கட்டாயம் தேவை. கரும்பு தொங்கி அவற்றை மறைக்கக் கூடாது. வண்டி பழுதானால் சாலையில் கல் வைத்துவிட்டு, பிறகு அதை அப்படியே விட்டுப்போகும் வழக்கம் உயிரைப் பறிக்கும்.

மழைக்காலத்தில்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தால் இந்தச் சாலையில் போக்குவரத்தே நின்றது. ஏற்றிய சரக்கை இறக்கவும் வழியில்லை, கொண்டுபோகவும் வழியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டறிந்த பிறகே பறிப்புக்கு ஆள் விடுங்கள். காய் செடியில் இருந்தால் ஒருநாள் தாங்கும், மூட்டைக்குள் தாங்காது.

சாலை அகலமாகும்போது ஆகட்டும். நான்கு மாதம் பாடுபட்டு விளைவித்ததைக் கடைசி நான்கு மணி நேரத்தில் இழக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அடுத்த பறிப்பிலேயே இரண்டு பெட்டிகளில் மட்டுமாவது இம்முறையைச் செய்து பாருங்கள். சாக்கில் போன காயையும் பெட்டியில் போன காயையும் சந்தையில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தானே தெரியும்.