போர்வீரனுக்கே முதலிடம் ஏன்?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஒருவர் முதலில் எடுக்கும் பெரிய முடிவு, எந்த வகைப் பாத்திரமாக ஆடுவது என்பதுதான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் வெளியானது. ஆட்டக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, விளைவு நிச்சயமில்லாத இடங்களில் பகடை உருட்டி, ஒரு கதையைச் சேர்ந்தே வளர்க்கிறார்கள். தொடக்கத்தில் இருந்தவை மூன்று வகைகள்: போர்வீரன், மந்திரவாதி, காயம் ஆற்றும் வரம் பெற்ற கிளெரிக் எனும் சமயகுரு. மறு ஆண்டே திருடன் வந்து சேர்ந்தான். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் 12 வகைகள் இருந்தன.

இத்தனை இருந்தும் முதலிடம் போர்வீரனுக்கே. பாத்திரங்களை உருவாக்க உதவும் டி அண்ட் டி பியாண்ட் இணையதளத்தின் தரவை ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற செய்தித் தளம் 2017இல் வெளியிட்டபோது போர்வீரன் முன்னணியிலும், திருடன் வழிவந்த ரோக் அடுத்தும் நின்றன. இந்த எண்ணிக்கையை அப்படியே ரசனையின் அளவுகோலாகக் கொள்ள முடியாது. இலவசமாகக் கிடைத்த அடிப்படை விதிகளில் இருந்தவை போர்வீரன், ரோக், கிளெரிக், மந்திரவாதி ஆகிய நான்கு மட்டுமே. காசு கொடுக்காமல் ஆட வந்தவர்களில் பலர் அவற்றுக்குள் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

அதைக் கழித்துப் பார்த்தாலும் போர்வீரனுக்கு வலுவான காரணங்கள் உண்டு. தன் முறை வந்ததும் வாளை வீசி, இருபது முகப் பகடையை உருட்டினால் போதும். மந்திரவாதியாக ஆடுபவரோ அன்றைக்கு எந்தெந்த மந்திரங்கள் தேவைப்படும் என்று முன்கூட்டியே யோசித்துத் தயாராக வேண்டும். எதை எப்போது செலவழிப்பது என்ற கணக்கும் கூடவே வரும். உடல்வலுவிலும் வேறுபாடு பெரிது. ஐந்தாம் பதிப்பில் போர்வீரனின் உயிர்ப்புள்ளிகளைப் பத்து முகப் பகடையும், மந்திரவாதியின் புள்ளிகளை ஆறு முகப் பகடையும் தீர்மானிக்கின்றன. பழைய பதிப்புகளில் புதிய மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம்தான். அது தீர்ந்தபின் ஒரு நல்ல அடி விழுந்தால் கதை முடிந்தது. ஆனாலும் அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அனுபவம் கூடி ஐந்தாம் நிலையை எட்டியதும் எதிரிக் கூட்டத்தையே ஒரே வீச்சில் பொசுக்கும் ‘ஃபயர்பால்’ மந்திரம் கைவசமாகிறது. அந்த நாளுக்காகக் காத்திருப்பதும் ஓர் இன்பம்தான்.

கிளெரிக்கின் கதை வேறு. காயம் ஆற்ற ஒருவர் இல்லாவிட்டால் குழு நீடிக்காது என்பதால், விருப்பமில்லாதவரும் குழுவுக்காக அந்தப் பாத்திரத்தை ஏற்பது வழக்கமாக இருந்தது. மற்றவர்கள் சாகசம் செய்யும்போது இவருடைய முறைகள் எல்லாம் மருத்துவத்திலேயே கழியும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, தயார் செய்து வைத்த வேறு மந்திரத்தையும் அந்தக் கணமே காயம் ஆற்றும் மந்திரமாக மாற்றிக்கொள்ள வழிவிட்டது. பின்னாளில் பாடகனான பார்டு முதலிய பிற வகைகளிடமும் சிகிச்சைப் பொறுப்பு பரவலானது. கட்டாயத்துக்குக் கிளெரிக் ஆவதை விதிகளே குறைத்தன என்பது நல்ல மாற்றம்.

தேர்வே இல்லாத காலமும் இருந்தது. 1975இல் அறிமுகமான பாலடின் என்னும் புனித வீரனுக்குக் கவர்ச்சிப் பண்பில் 17 புள்ளியாவது வேண்டியிருந்தது. அந்தப் புள்ளிக்காக மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டினால் 17 அல்லது 18 விழும் வாய்ப்பு 54க்கு 1. எனவே பாலடினாக ஆடுவது விருப்பத்தைவிட அதிர்ஷ்டத்தின் கையில் இருந்தது.

விதிகளைத் தாண்டி மனமும் இதில் பங்கேற்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை ஆடுபவர்களிடம் பெசியர், சே, கீஸ்லர் ஆகிய ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரங்களை, தாங்கள் இருப்பதைவிடத் தாங்கள் இருக்க விரும்பும் நிலைக்கு நெருக்கமானவையாகக் கண்டார்கள்; உளநலம் குறைவாக இருந்தவர்களிடம் இந்தப் போக்கு கூடுதலாகத் தெரிந்தது. மேசை ஆட்டத்திலும் இதே ஆசை செயல்படும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. ஆனால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் எல்லோரும் பார்டு ஆகிவிடுவார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ஆட்ட வடிவமைப்பாளர் ராபின் லாஸ் 2002இல் எழுதிய நூலில், எந்தக் கதையானாலும் ஒரே வகைப் பாத்திரத்தையே கேட்பவர்களைத் தனிப் பிரிவாக வைக்கிறார். அவர்களுக்கு நிஞ்சா என்றால் நிஞ்சாதான். வேறு பலரோ மேசைக்கு மேசை மாறுகிறார்கள்.

ஆகவே ஒருவர் எடுத்த பாத்திர வகையைக் கொண்டு அவர் குணத்தைக் கணிப்பது நம்பத்தக்கதல்ல. ஆனால் அந்த மேசையில் அவர் எதைச் செய்து பார்க்க விரும்புகிறார் என்பதை அந்தத் தேர்வு தெளிவாகவே சொல்லிவிடுகிறது. ரோக் கேட்டவர் பூட்டுகளையும் பொறிகளையும் எதிர்பார்த்து வந்திருக்கிறார். கதை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் அவற்றைக் கட்டாயம் வைக்க வேண்டும்.