'பேக்கப் முடிந்தது'... பொய் சொன்ன லாக்!

ராத்திரி 2 மணி. காலேஜே தூங்கிட்டிருக்கும். எங்க டிபார்ட்மென்ட் லேப்ல மட்டும் ஒருத்தர் கடமையே கண்ணா வேலை பார்த்துட்டிருப்பார். வாட்ச்மேன் இல்லீங்க... ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்! ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஃபோல்டர்களை எல்லாம் இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி பண்ணும். லாக் ஃபைல்ல 'பேக்கப் முடிந்தது'ன்னு ஒரு வரி எழுதும். அவ்வளவுதான், அடுத்த நாள் ராத்திரிதான் மறுபடி வரும்.

போன செமஸ்டர்ல லேப் டிஸ்க் மண்டையைப் போட்டுடுச்சு. "கவலைப்படாதீங்க, பேக்கப் இருக்கு"ன்னு பந்தாவா போய்த் திறந்து பார்த்தா... கடைசி மூணு வாரத்துக்கு ஒரு ஃபோல்டரைக்கூட காணோம்! லாக்ல மட்டும் 21 ராத்திரியும் 'பேக்கப் முடிந்தது'. ரிவ்யூவுக்கு ஒன்பதே நாள் இருக்க, ரெண்டு டீம் மூணு வாரக் கோடை மறுபடியும் உட்கார்ந்து அடிச்சாங்க.

குற்றவாளி யாருன்னு கேக்கறீங்களா? அடியேன்தான்!

ஒரே ஒரு வரி!

அந்த ஸ்கிரிப்ட் எனக்கு ஒரு சீனியர்கிட்ட இருந்து சொத்தா வந்தது. மேலே நாலஞ்சு குட்டி ஃபங்ஷன். ஒண்ணு லாக் எழுதும். ஒண்ணு இன்னிக்கு எந்த ஃபோல்டர்ல காப்பி பண்ணணும்னு சொல்லும். மருந்துக்குக்கூட ஒரு கமென்ட் கிடையாது. 'எந்த ஃபோல்டர்னு லாக்ல தெரிஞ்சா நல்லா இருக்குமே'ன்னு, ஃபோல்டர் சொல்ற ஃபங்ஷனுக்குள்ள லாக் ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஒரே ஒரு வரி சேர்த்தேன். முடிஞ்சது கதை.

ஷெல் ஸ்கிரிப்ட்ல எழுத்து வெளியே வர ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஸ்டாண்டர்டு அவுட்புட், நம்பர் 1. இன்னொண்ணு ஸ்டாண்டர்டு எரர், நம்பர் 2. ஒரு ஃபங்ஷன் தர்ற பதிலை வேரியபிள்ல பிடிச்சு வைக்கும்போது, முதல் வழியில வர்றது எல்லாமே அதுல விழுந்துடும். சீனியர் எழுதின லாக் ஃபங்ஷன் பேசினதும் அதே முதல் வழியிலதான்!

ஹாஸ்டல்ல ஒருத்தர்கிட்ட "ரூம் நம்பர் என்ன?"ன்னு கேக்கறீங்க. அவர் "இருங்க, லிஸ்ட்டைப் பார்க்கறேன்... 204"ங்கறார். நீங்க 'இருங்க லிஸ்ட்டைப் பார்க்கறேன் 204'ன்னு எழுதின கதவைத் தேடினா கிடைக்குமா? ஸ்கிரிப்ட் அதைத்தான் செஞ்சது. லாக் வரியும் பாதையும் ஒட்டிக்கிட்டு, உலகத்துலயே இல்லாத ஒரு ஃபோல்டர் பேர் உருவாகிடுச்சு. காப்பி தினமும் ஃபெயில். அந்த எரர் ரெண்டாவது வழியில போச்சு. க்ரான் அதை ஒழுங்கா சர்வரோட லோக்கல் மெயில்பாக்ஸுக்கு அனுப்பிட்டு இருந்தது. அந்த மெயில்பாக்ஸை யாரும் திறந்ததே இல்லை. கடைசி வரியோ காப்பி ஜெயிச்சதா தோத்ததான்னு பார்க்காமலே 'முடிந்தது' எழுதிட்டிருந்தது.

சீனியருக்கு போன் போட்டேன். "லாக் முதல் வழியிலதான் போகுதுன்னு எழுதி வெச்சிருக்கலாமேண்ணா?"ன்னேன். "டேய் தம்பி, அந்த ஸ்கிரிப்டை நான் மட்டும்தான் பார்க்கப் போறேன்னு நினைச்சேன்டா!"ன்னார். பாவம், அவரைச் சொல்லிக் குத்தமில்லை. நானும் அதே நினைப்புலதான் என் வரியைச் சேர்த்தேன்.

பெரிய இடத்துலயும் இதே கதை

நமக்கு மட்டும்தான் இந்த சோதனையான்னு கேட்டா, இல்லை. 2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்துல ஒரு இன்ஜினீயர் சர்வர் மாறி டேட்டாபேஸ் டைரக்டரியை அழிச்சிட்டார். சுமார் 300 ஜி.பி. போச்சு. சரி, பேக்கப் இருக்குமேன்னு போனா அது காலி! டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், பேக்கப் எடுத்த டூல் 9.2. அதனால சத்தமில்லாம ஃபெயில் ஆகிட்டே இருந்திருக்கு. எச்சரிக்கை மெயில் போகலையான்னா, போச்சு. ஆனா அந்த மெயில்களை வாங்க வேண்டிய சர்வரே நிராகரிச்சிடுச்சு. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் தற்செயலா கையில இருந்ததால தப்பிச்சாங்க. இவ்வளவையும் மறைக்காம வெளியிட்டாங்க, அதுக்கு ஒரு சல்யூட்!

2015-ல ஸ்டீம் கேம் மென்பொருளோட லினக்ஸ் ஸ்கிரிப்ட்ல இன்னொரு கூத்து. ஒரு வேரியபிள் காலியா இருந்தா, கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபைல்களை வேர்ல இருந்தே அழிக்கிற ஒரு வரி. அதுக்கு மேல எழுதினவர் ஒரு கமென்ட் வெச்சிருந்தார். என்ன தெரியுமா? 'பயமா இருக்கு!'ங்கற அர்த்தத்துல ஒத்தை வார்த்தை. எதுக்கு பயம், எது காலியா இருக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தா, அடுத்து படிக்கிறவராவது ஒரு செக் போட்டிருப்பார்.

அஞ்சு வரி போதும்

கூகுள் தன் ஷெல் ஸ்கிரிப்ட் விதிகளை எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிட்டிருக்கு. லைப்ரரில இருக்கற ஃபங்ஷன் எவ்வளவு குட்டியா இருந்தாலும் தலைப்புக் கமென்ட் கட்டாயம்ங்குது. எரர் செய்திகள் ரெண்டாவது வழியிலதான் போகணும்ங்குது. அந்தப் பாணியில எங்க ஃபோல்டர் ஃபங்ஷனுக்கு மேல இப்போ நான் எழுதி வெச்சிருக்கறது இது:

# வேலை: இன்றைய பேக்கப் ஃபோல்டரின் பாதையைச் சொல்லும்
# வெளி வேரியபிள்: பேக்கப் டிஸ்க்கின் பாதை, படிக்க மட்டும்
# வாங்குவது: எதுவும் இல்லை
# வெளியே விடுவது: முதல் வழியில் பாதை மட்டும். வேறு எதையும் அச்சடிக்காதே!
# திருப்புவது: டிஸ்க் இல்லாவிட்டால் 1

நாலாவது வரி மட்டும் முன்னாடியே இருந்திருந்தா, நான் அந்த லாக் வரியை அங்கே வெச்சிருக்கவே மாட்டேன்.

லாக் ஃபங்ஷனையும் விடலை. அது இப்போ ரெண்டாவது வழியில பேசுது. க்ரான்லயும் அதுக்கேத்த மாதிரி மாத்தியாச்சு. ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், தகவலா எரரான்னு ஒரு அடையாளம். சிஸ்லாக்ல 0-வுல இருந்து 7 வரைக்கும் எட்டு நிலை இருக்கு. 0-ன்னா எமர்ஜென்ஸி, 7-ன்னா டீபக். நம்ம லேப்புக்கு தகவல், எச்சரிக்கை, எரர்னு மூணே போதும். எது எப்போங்கறதையும் மேலேயே எழுதிட்டேன். 'முடிந்தது'ங்கற வரி, காப்பி கமாண்ட் 0 திருப்பினா மட்டும்தான் விழும்.

அடுத்த ஜூன்ல இந்த ஸ்கிரிப்ட் ஒரு ஜூனியர் கைக்குப் போகும். இப்பவே அவனைக் கூப்பிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கமென்ட்டை மட்டும் படிச்சிட்டு ஒரு லாக் வரி சேர்க்கச் சொன்னேன். பத்து நிமிஷத்துல சேர்த்துட்டான். மறுநாள் காலையில முதல் வேலையா போய் பேக்கப் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன்.

ஃபோல்டர் இருந்தது!