மார்க் போட வருபவர் உங்களிடமும் கேட்பார்

காசிமேட்டுப் பெண் ஒருத்திக்கு இரண்டாவது பிரசவம் வேறு மாவட்டத்தில், புகுந்த வீட்டுப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் நடந்தது. மறுநாள் தாள்கட்டோடு ஒரு அம்மா கட்டிலருகே வந்து, மறைப்புத் திரை இருந்ததா, யாராவது காசு கேட்டார்களா என்று விசாரித்திருக்கிறார். "எல்லாம் நல்லாத்தாம்மா பாத்துக்கினாங்க" என்று சொல்லிவிட்டாள். திரை இல்லாததையும், குழந்தையைக் காட்ட ஐந்நூறு வாங்கியதையும் என்னிடம்தான் சொன்னாள். நர்ஸ் பக்கத்திலேயே நின்றாராம்.

வந்தவர் தரம் பார்க்கும் மதிப்பீட்டாளர். அவள் பதிலுக்கும் மார்க் உண்டு.

அரசு ஆஸ்பத்திரிகளுக்கான தேசியத் தர அளவுகோல் 2013-இல் வந்தது. பிரசவ அறைக்கும் பிரசவ ஆபரேஷன் தியேட்டருக்கும் 2017-இல் 'லக்ஷ்யா' திட்டம் வந்தது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மகப்பேறு மருத்துவமனைகளின் பிரசவ அறைக்கான அளவுகோல் 'லக்ஷ்யா'தான். மதிப்பீட்டாளர் நேரில் பார்ப்பார், ஊழியரைக் கேட்பார், பதிவேட்டைப் புரட்டுவார், நோயாளியிடம் பேசுவார். ஒவ்வொரு அம்சமும் முழுதாக இருந்தால் 2, அரைகுறை என்றால் 1, இல்லையென்றால் 0.

பதிவேட்டைப் புரட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வலி எடுத்தவளுக்குப் 'பார்ட்டோகிராஃப்' என்றொரு தாள் போட வேண்டும். சிசுவின் இதயத்துடிப்பை அரை மணிக்கு ஒருமுறை அதில் குறிப்பார்கள். எல்லாப் புள்ளியும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் பிரசவம் முடிந்தபின் உட்கார்ந்து நிரப்பியதோ என்ற சந்தேகம் வரும். இப்படிப் பார்த்து 70 சதவீதம் தாண்டினால் வெள்ளி, 80-க்கு மேல் தங்கம், 90-க்கு மேல் பிளாட்டினம்.

திரை, மரியாதையான பேச்சு, கூட ஒரு பெண் துணை எல்லாமே அந்தப் பட்டியலில் இருப்பவை. கேட்டு வாங்கலாம். மதிப்பீட்டாளர் வந்தால், "தனியா பேசணும்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். பயம் நியாயமானதுதான். ஆனால் உங்கள் பொய்யான 'நல்லா இருக்கு'வால் அடுத்த கட்டிலுக்கும் திரை வராது.

காசு கேட்டால் ஆஸ்பத்திரியின் உறைவிட மருத்துவ அலுவலரிடம் (ஆர்.எம்.ஓ.) எழுதிக் கொடுங்கள், 104 சுகாதார உதவி எண்ணுக்குப் பேசுங்கள், லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் போகலாம். ஆஸ்பத்திரி வாங்கிய மார்க்கைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சிகிச்சையிலேயே குறை என்றால் வழி வேறு. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி மீது நுகர்வோர் வழக்கு செல்லாது என்பது 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தனியார் நர்சிங் ஹோம் மீது இரண்டு வருடத்துக்குள் போடலாம். எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனித் தொழிலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். சந்தா கட்டுவதால் இ.எஸ்.ஐ. சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 2007-இல் கிஷோர் லால் வழக்கில் தீர்ப்பானது.

அந்தப் பெண்ணின் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். பிரசவ அறையில் துணைக்கு நிற்கப் போவது அக்காதான்.