ரயில் சத்தத்திலும் தூக்கம் வருவது எப்படி? மூளை செய்யும் வேலை இதுதான்!

மதுரை ஆனையூர் அருகே, கூடல்நகர் வழியாக திண்டுக்கல் ரயில் பாதை செல்கிறது. இதுபோன்ற இடத்தில் புதுசாகக் குடிவந்தவருக்கு ராத்திரி ஹாரன் சத்தத்தில் தூக்கம் கலையும். நாளாக ஆக, ரயில் போனதே தெரியாது.

இது என்ன?
இதன் பெயர் 'ஹாபிச்சுவேஷன்', அதாவது பழகிப்போதல். நல்லதோ கெட்டதோ செய்யாத ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வந்தால், அதைக் கண்டுக்க வேண்டாம் என மூளை கற்றுக்கொள்கிறது. மணி அடித்தால் சாப்பாடு என்பதுபோல இரண்டை இணைத்துக் கற்பது அல்ல இது.

காது களைத்துவிட்டதா?
இல்லை. அதே அறையில் குழந்தை சிணுங்கினால் அம்மா விழித்துக்கொள்கிறாரே!

உள்ளே என்ன நடக்கிறது?
'அப்ளீசியா' என்ற கடல் நத்தையை லேசாகத் தொட்டால் செவுளை உள்ளிழுக்கும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறையும். உணர்வு நரம்பு செல் வெளியிடும் வேதிப்பொருள் குறைவதே காரணம். நினைவாற்றல் பற்றிய இத்தகைய ஆய்வுகளுக்காக எரிக் கேண்டல் 2000-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உஷார்!
தூக்கம் கலையாவிட்டாலும், சத்தத்துக்கு இதயத்துடிப்பு கூடுவது முழுசாக நிற்பதில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி வரம்பு 45 டெசிபல். பழகிய ஹாரன் கவனத்தில் படாமலும் போகலாம். ரயில்வே கேட்டைக் கடக்கும்போது காதை மட்டும் நம்பாதீங்க, இரண்டு பக்கமும் பாருங்க.